வருடா வருடம் பாஸான காது

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "மேடம், டிஸபிலிட்டி பென்ஷன் அப்பீலுக்கு ஒரு மாடல் இருந்தா அனுப்புங்களேன். இப்ப எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. சுருக்கமா எழுதினாத்தான் ஏத்துக்குது."

மாடலாம் மாடல்! எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒருத்தன் கால் போனதும் இன்னொருத்தன் கண் போனதும் ஒரே மாடலில் அடங்குமா? அப்புறம் காபி குடித்துவிட்டு யோசித்தேன். அவளைச் சொல்லி என்ன பயன்? அந்த நாற்காலிக்கு வந்த புதிதில் நானும் மாடலைத் தேடித்தான் பீரோவைக் குடைந்தேன். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது வளர்ந்து இப்படி ஆகிவிட்டது.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கம். தருமபுரியில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குத் தட்டச்சராகப் போய், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. சுபேதார் பெரியவரா, ஹவில்தார் பெரியவரா என்பதுகூடத் தெரியாமல்தான் போய் உட்கார்ந்தேன். முதல் சில வருடங்கள் மனு வாங்குவதிலும் முத்திரை குத்துவதிலும் திட்டு வாங்குவதிலும் கழிந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோயில் வாசலிலும் யாராவது ஒரு கவரை நீட்டுவார்கள். வேலை பிடித்துப்போனது கர்னல் சார் வந்த பிறகுதான்.

கர்னல் சார் எங்கள் அலுவலகத் தலைவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இந்தப் பதவிக்கு வந்தவர். கோபம் வந்தால் நாமெல்லாம் மரியாதையைக் குறைப்போம். அவருக்கு மரியாதை கூடும். "ஸ்டெல்லா மேடம் அவர்களே, தயவுசெய்து இதைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று கேட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம். மனுதாரர் யாராக இருந்தாலும் முதலில் உட்காரவைப்பார். அவர் கொண்டுவந்த காகிதக் கட்டை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைப்பார். "பேப்பர் எங்கயும் ஓடிப் போகாது. நீங்க சொல்லுங்க" என்பார். முழுக் கதையையும் கேட்ட பிறகுதான் காகிதத்தைத் திருப்புவார். நிராகரித்து வந்த கடிதத்தில் 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று சிவப்புப் பென்சிலால் தேடுவார். பல கடிதங்களில் அங்கே ஒன்றுமே இருக்காது. "முடிவு இருக்கு, காரணம் எங்க?" என்று என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் எழுதினதுபோல.

எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகம் எதையும் முடிவு செய்யாது. நாங்கள் எழுதித் தருகிறவர்கள், அவ்வளவுதான். ஒரு சிப்பாய் பட்டாளத்தை விட்டு வரும்போது ராணுவ மருத்துவர்கள் குழுவாக உட்கார்ந்து அவனைச் சோதிப்பார்கள். அதற்கு மெடிக்கல் போர்டு என்று பெயர். உடம்பில் குறை இருக்கிறதா, எவ்வளவு சதவீதம் என்பது முதல் கேள்வி. அந்தக் குறை பட்டாள வேலையால் வந்ததா, அல்லது பட்டாள வேலையால் மோசமானதா என்பது அடுத்த கேள்வி. சதவீதம் ஒரு அளவுக்குக் கீழே போனால் பென்ஷன் இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டாலும் இல்லை. இல்லை என்று வந்தால் முதல் அப்பீல் ஒரு குழுவுக்கு, இரண்டாவது அப்பீல் அதற்கு மேலே உள்ள குழுவுக்கு. அதற்கும் மேலே சென்னையில் தீர்ப்பாயம்.

இதில் சிப்பாய் பக்கம் ஒரு பெரிய பலம் உண்டு. பட்டாளத்தில் சேரும்போது உடம்பைத் தலை முதல் கால் வரை பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அப்போது நன்றாக இருந்தவனுக்குப் பிறகு ஒன்று வந்தால், அது வேலையால் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்தான் காரணம் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிப்பாய்க்குச் சாதகமாக. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடைமுறையில் அதை ஒவ்வொரு தடவையும் போராடித்தான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அரூர்ப் பக்கத்து சிப்பாய் ஒருவர் லீவில் வந்தபோது சொந்த நிலத்துப் புளிய மரத்தில் உலுக்க ஏறி விழுந்துவிட்டார். முதுகெலும்பு போயிற்று. கூட வந்த மச்சான் விவரமானவர். "சுதந்திர தினத்துக்குக் கொடி கட்ட ஏறினாருன்னு எழுதிருங்க மேடம். கவர்மெண்டு வேலை ஆயிருமில்ல?" என்றார். "புளி உலுக்குற மாசத்துல எந்த ஊர்லய்யா சுதந்திர தினம்?" என்று கேட்டேன். அப்படியும் எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் மாற்றித்தான் எழுதிப் பார்ப்போமே என்று கர்னல் சாரிடம் போனேன். "நடந்ததை எழுதுங்க, ஸ்டெல்லா மேடம் அவர்களே" என்றார்.

நடந்ததை எழுதினோம். லீவில் இருந்தாலும் அடிபட்டதற்கும் பட்டாள வேலைக்கும் ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும். புளிய மரத்துக்கும் பட்டாளத்துக்கும் தொடர்பு இல்லை. இரண்டு அப்பீலும் தோற்றன. "லீவுல இருந்தாலும் நான் சிப்பாய்தானுங்களே மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் போனார். கர்னல் சார் மேல் பல நாள் எரிச்சலாக இருந்தது. மனுஷனுக்கு ஈரமே இல்லையா என்று என் கணவரிடம் புலம்பியிருக்கிறேன்.

மாதப்பன் வந்தது அதற்கு அப்புறம்தான். கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ராஜாமணியோடு வந்தார். நல்ல உயரம், மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் சரியாகப் பதில் சொன்னார். நான் பீரோ பக்கம் திரும்பிக்கொண்டு எதைக் கேட்டாலும் "ஆமாங்க மேடம்" என்றார். ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் ஆமா போட்டுருவாருங்க. வூட்டுக்குத் திருடன் வந்து பீரோ சாவியக் குடுன்னாலும் ஆமாம்பாரு. மூஞ்சியப் பாத்துப் பேசினா வாயசைவுலயே கண்டுபிடிச்சுருவாரு. சமையக்கட்டுல இருந்து நான் கத்தினா ஒண்ணும் தெரியாது."

அவருக்கு வந்த நிராகரிப்புக் கடிதம் இப்படிச் சொன்னது: பணியில் இருந்த காலம் முழுவதும் நடந்த வருடாந்திரச் சோதனைகளில் காது நன்றாக இருந்திருக்கிறது. இப்போதுள்ள குறை உடல்வாகைச் சார்ந்தது. பணியோடு தொடர்பில்லாதது.

அந்தக் கடிதத்தை இந்த மனிதர் யாரிடம் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லச் சொன்னார் தெரியுமா? மகள் பவித்ராவைப் பெண் கேட்டு வந்திருந்த வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வாத்தியார். அவரிடம்! அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, "அதாவதுங்க, இது பொறப்புலயே ரத்தத்துல வர்றது" என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் சம்பந்தம் நின்றுபோனது. அதற்கடுத்து வந்த வரனும் விசாரித்துவிட்டுப் பின்வாங்கியது. காது மந்தமான வம்சம் என்று பேச்சுப் பரவிவிட்டது.

"எங்க மாமனாருக்குப் பாம்புக் காதுங்க மேடம். கொட்டாயில எலி ஓடினா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. வம்சமாம் வம்சம்!" ராஜாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பென்ஷன் வந்தா வருது, வராட்டிப் போவுது. பீரங்கிதான் இவரு காதக் கெடுத்துச்சுன்னு அவுங்க வாயால எழுதித் தரணும். எம்பொண்ணு ரத்தத்துல ஒரு கோளாறும் இல்லேன்னு ஊருக்குத் தெரியணும். அதுக்குத்தாங்க வந்தோம்."

இது சுலபமான கேஸ் என்று நினைத்தேன். பீரங்கிக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றவனுக்குக் காது போகாமல் வேறு என்ன போகும்? முதல் அப்பீல் எழுதினோம். மறுபடி சோதிக்கச் சொல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டுச் சிரித்த முகமாக வந்தார். சில வாரத்தில் முடிவு வந்தது. லேசான குறைதான் இருக்கிறது, சதவீதம் போதாது, அப்பீல் தள்ளுபடி. இரண்டாவது அப்பீலும் அதைப் பார்த்தே தள்ளுபடி ஆனது.

ராஜாமணி அலுவலகத்துக்குள் வந்தபோதே சத்தம் கேட்டது. "அங்கயும் போய்ப் பாஸ் பண்ணிட்டு வந்திருக்காருங்க மேடம், இந்த மனுசன்!"

கர்னல் சார் கதவைச் சாத்தினார். காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார். மாதப்பனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாதப்பன், நானும் பட்டாளத்துல இருந்தவன்தான். எப்படிப் பாஸ் பண்ணீங்க?"

மாதப்பன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

வருடாந்திரச் சோதனையில் டாக்டர் ஒரு கோடியில் நிற்பார். இவர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுகோடியில் நிற்க வேண்டும். டாக்டர் மெல்லிய குரலில் எண் சொல்வார். இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் முகம் பார்த்த பக்கம், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் ஆட்களின் வரிசை. அதில் முதல் ஆளாக எப்போதும் முனிரத்தினம் நிற்பார். பென்னாகரத்துப் பக்கம், ஒரே பீரங்கியில் வேலை செய்தவர். டாக்டர் எண்ணைச் சொன்னதும், விறைப்பாக நின்றபடியே, பேண்ட் தையலில் விரலால் அந்த எண்ணைத் தட்டுவார். மாதப்பன் அதைப் பார்த்துச் சொல்வார். பாஸ்.

"மெஷின் வச்சுப் பாத்தா?" என்று கேட்டார் கர்னல் சார்.

"அது இன்னும் சுளுவுங்க சார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைத் தட்டறவரோட முழங்கை அசையும். அசைஞ்சா நான் பட்டனை அமுக்குவேன்."

"சர்வீஸ்ல சரி. இப்ப அப்பீல் போர்டுல எதுக்குய்யா அமுக்கினீங்க?"

மாதப்பன் தலை குனிந்தார். "கை தானா அமுக்கிருச்சுங்க சார். மெஷின் முன்னாடி உக்காந்ததும் பெயில் ஆவக் கூடாதுன்னுதான் தோணுச்சு. ரிசல்ட்டு வந்தப்புறந்தான் ஞாவகம் வந்துச்சு, இந்தத் தடவ பெயில் ஆவணுமேன்னு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். ராஜாமணி நிஜமாகவே அடித்துக்கொண்டார்.

எதற்காக மறைத்தார் என்று கேட்டதற்கு அவருக்கே கோபம் வந்துவிட்டது. "காது போச்சுன்னு எழுதினா பீரங்கியிலிருந்து எறக்கி ஸ்டோர்ல மூட்டை எண்ண விட்டுருவாங்க சார். பத்துப் பேரு வேலை செய்யற பீரங்கிக்கு நாந்தான் தலைவன். ஆர்டர் காதுல விழணுமேன்னு சுடறப்பக் காதுல அடைச்ச பஞ்சை எடுத்துருவேன். எங்காது போனதே அப்படித்தான். அதுக்காவ எறங்கிப் போறதா?" ஆர்டரை எப்படிக் கேட்டார் என்றால், அதுவும் முனிரத்தினம்தான். கேட்டுக் கையைக் காட்டுவார், இவர் கத்துவார்.

தீர்ப்பாயத்துக்குப் போவது என்று முடிவானது. அங்கே என்ன எழுதுவது என்பதில்தான் எனக்கும் கர்னல் சாருக்கும் சண்டை. பீரங்கிச் சத்தம், சேரும்போது நல்ல காது, இது போதும், ஏமாற்றின கதை எதற்கு என்றேன் நான். "எதிர்த் தரப்பு ஒரே ஒரு கேள்விதான் கேக்கும். வருஷா வருஷம் எப்படிப் பாஸ் பண்ணினீங்கன்னு. அதுக்கு நாம முதல்லயே பதில் சொல்லணும்" என்றார் அவர். சொன்னால் இருக்கிற பேரும் போகுமே, ஏதாவது நடவடிக்கை எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "எடுக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். உறுதி சொல்ல என்னால முடியாது" என்று ஒளிக்காமல் மாதப்பன் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மாதப்பன் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் முனிரத்தினத்தின் பெயர் வரக் கூடாது என்றார். அவர் பதவி உயர்வு பெற்று கௌரவமாக ஓய்வு பெற்றவர். ஊரில் குடியரசு தினத்துக்குக் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். "எங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டதுங்க. சாகற வரைக்கும் வெளிய சொல்றதில்லேன்னு. நான் செஞ்சத நான் சொல்றேன். அவனை இழுக்க மாட்டேன்."

"அப்ப நம்ம புள்ளய இழுக்கறீங்களே, அது பரவால்லியா?" என்றார் ராஜாமணி.

மாதப்பன் வாயசைவைப் பார்த்தார். அப்படியும் பிடியை விடவில்லை. வாக்குமூலத்தில் 'ஒரு சக வீரர்' என்று மட்டும் எழுதினோம். ராஜாமணி சும்மா இருக்கிற ஆள் இல்லை. கணவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி முனிரத்தினத்தின் வீட்டுக்கே போய்விட்டார். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாருங்க மேடம். காபி குடுத்தாரு. ஒரு வார்த்தை பேசலே" என்று வந்து சொன்னார்.

விசாரணை நாளன்று கர்னல் சாரும் நானும் போயிருந்தோம். தீர்ப்பாயத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் நீதிபதி. இன்னொருவர் ராணுவத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. எங்கள் வக்கீலம்மா நன்றாகத்தான் எடுத்துச் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். கர்னல் சார் சொன்ன அதே கேள்வி. "பணியில் இருந்தபோது காது கேட்கிறது என்று ஏமாற்றினேன் என்கிறார். இப்போது கேட்கவில்லை என்று ஏமாற்றவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? அப்பீல் போர்டிலும் இவருக்குக் கேட்டிருக்கிறதே?" சத்தியமாக அந்த நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிடும்போல் இருந்தது.

அந்த ராணுவ உறுப்பினர் வாக்குமூலத்தை நிதானமாகப் படித்தார். பிறகு மாதப்பனை நிமிர்ந்து பார்த்து, இந்தியில், "திரும்பி நில்லுங்கள். நான் எண் சொல்கிறேன்" என்றார். சைகையும் காட்டினார். மாதப்பன் அவருக்கு முதுகைக் காட்டி, எங்கள் எல்லாரையும் பார்த்தபடி விறைப்பாக நின்றார்.

உறுப்பினர் மெல்லிய குரலில் ஒரு எண் சொன்னார். மாதப்பன் அதைச் சரியாகச் சொன்னார்.

இன்னொரு எண். அதுவும் சரி.

மூன்றாவது. அதுவும் சரி. அரசு வக்கீல் சிரித்தார். எங்கள் வக்கீலம்மா முகத்தில் ஈயாடவில்லை. கர்னல் சார் கண்ணை மூடிக்கொண்டார். ராஜாமணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் எனக்குக் குத்தியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் மாதப்பன் பார்வை எங்கள் தலைக்கு மேலே பின்பக்கம் நிற்பதைக் கவனித்தேன். திரும்பினேன்.

பின்சுவரை ஒட்டி ஒரு வயதான மனிதர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பதக்கங்கள். விறைப்பாக நின்றிருந்தார். வலது கை விரல் மட்டும் பேண்ட் தையலில் தட்டிக்கொண்டிருந்தது.

உறுப்பினரும் அதே நேரத்தில் பார்த்துவிட்டார். "அங்கே சுவரோரம் நிற்பவர் யார்? கை என்ன செய்கிறது?"

விரல் நின்றது. அந்தப் பெரியவர் தன் நம்பர், பதவி, பெயர் எல்லாவற்றையும் அறை அதிரச் சொன்னார். முனிரத்தினம்.

உறுப்பினர் அவரை வெளியே போய் நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தச் செய்தார். மறுபடி எண் சொன்னார். மாதப்பனிடமிருந்து பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மாதப்பன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சற்று முன்பு ஆள் நின்ற அந்த இடத்தையே கண்ணால் தேடினார். மூன்றாவது எண்ணுக்கு என்ன காதில் விழுந்ததோ, "யெஸ் சார்" என்று ஒரு குரல் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்த மனிதரைத் திருப்பி நிறுத்த வேண்டும்போல் இருந்தது.

முனிரத்தினத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தச் 'சக வீரர்' நான்தான் என்று சொல்லவே வந்தாராம். உறுப்பினர் கேட்டார்: "இன்றைக்கு நீங்கள் உதவினால் உங்கள் நண்பர் தோற்றுவிடுவார் என்று தெரியாதா?"

"தெரியும் சார். கையை அசைக்காமத்தான் நிக்கணும்னு நெனச்சேன். ஆனா அவன் திரும்பி என்னைப் பாத்தான் சார்."

உறுப்பினர் அவரை உட்காரச் சொன்னார்.

அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடவில்லை. ஆள் பதில் சொல்லத் தேவையில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. தலையில் ஒயரை ஒட்டிப் படுக்கவைத்து, சத்தத்துக்கு நரம்பு அசைகிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்ளும். தூங்கினாலும் பரவாயில்லை. அதைச் செய்யச் சொல்லி உத்தரவானது. பட்டன் இல்லாத மெஷின் என்று தெரிந்த பிறகுதான் ராஜாமணி அவரை அனுப்பவே சம்மதித்தார். காது எவ்வளவு போயிருக்கிறது என்பது அதில் தெரிந்தது. பீரங்கிச் சத்தத்தால் போகும் காது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது என்று போர்டும் எழுதியது. தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது.

தீர்ப்பின் நகல் வந்த அன்று மாதப்பன் குடும்பம் மூன்று பேருமாக வந்தார்கள். பவித்ராவை அன்றுதான் பார்த்தேன், அப்பாவின் உயரம். கர்னல் சார் என்னையே படிக்கச் சொன்னார். மாதப்பனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சேரும்போது காதில் குறை இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இருந்ததாக ஆதாரம் இல்லை. உடல்வாகு என்று எழுதியதற்கு மருத்துவக் குழு காரணம் எதுவும் காட்டவில்லை. இந்தக் குறை பணியால் ஏற்பட்டது.

ராஜாமணி அந்தக் கடைசி வரியை என்னை இன்னொரு தடவை சொல்லவைத்தார். "இதை நாலு காப்பி எடுத்து அந்த வாத்தியாரு மேசையில வைக்கறேன். இப்பப் படிக்கட்டும்! அவுங்களே மறுக்கா சொல்லி அனுப்பறாங்களாம், பேசலாம்னு."

"அந்த வூடு வேணாம்மா" என்றாள் பவித்ரா. "கடுதாசியப் பாத்துப் போனவங்க, கடுதாசியப் பாத்து வரவும் வேணாம்." அப்பாவுக்குத் தெரியட்டும் என்று அவர் பக்கம் திரும்பியும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மாதப்பன் எழவில்லை.

"மேடம், நாங்க ஏமாத்துனதப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலீங்களா?"

எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தியை நான் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற ராஜாமணி, வேண்டாம் சொல்லாதீங்க என்று எனக்குக் கையை ஆட்டினார். வாயைத் திறந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் கர்னல் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தேன். மனுதாரரும் அவருடைய சக வீரரும் மருத்துவர்களைத் தொடர்ந்து தவறாக நம்பவைத்தது கண்டிக்கத்தக்கது. ஆர்டர் கேட்காத ஒருவரைப் பீரங்கிக்குத் தலைவராக வைத்திருந்ததால் கூட இருந்தவர்களின் உயிருக்கு ஆபத்து நேர்ந்திருக்கலாம். ஆனாலும் அவர்கள் அதைச் செய்தது எதையும் சம்பாதிக்க அல்ல, வேலையில் நிற்க.

மாதப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆபத்துன்னீங்களே, அதை மறுக்கா படிங்க மேடம்" என்றார். படித்தேன். அவர் எழுந்து கையிரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்னத்துக்குங்க அதையெல்லாம் கேட்டுக்கிட்டு?" என்று ராஜாமணி அவர் தோளைத் தட்டித் திருப்பினார். "ஜெயிச்சாச்சு. வாங்க போவலாம்."

"இல்ல ராஜாமணி. அதச் செஞ்சோமில்ல, இருக்கட்டும்" என்றார் மாதப்பன். "அதையும் எழுதியிருக்கறதாலதான், பீரங்கியால போன காதுன்னு சொல்றத ஊரு நம்பும்."

கர்னல் சார் ஜன்னலிலிருந்து திரும்பி, அவர் எதிரே வந்து நின்று, சல்யூட் அடித்தார்.